மௌரீனின் பாதி

பம்பாய், மாதுங்கா
12 ஜூன் 1963

அன்புள்ள அக்காவுக்கு ஆதிகேசவன் எழுதுவது.

பத்திரமாக வந்து சேர்ந்தேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? படுத்துத் தூங்க முடிகிறதா, இல்லை முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்தபடிதானா? நான் தூரத்தில் இருக்கிறேன் என்று மறைத்து எழுதாதே.

நம் பக்கத்துப் பையன்கள் நாலு பேரோடு ஒரு அறையில் இருக்கிறேன். சாப்பாடு மெஸ்ஸில். ரசம் என்று எதையோ ஊற்றுகிறார்கள், கேட்டால் ரசம்தான் என்று சாதிக்கிறார்கள்.

தலைமை அலுவலகத்தில் என்னைக் கணக்கு உதவியாளன் என்று எடுத்தார்கள் அல்லவா, வந்து பார்த்தால் புதிதாகக் கப்பலில் வந்த எலெக்ட்ரானிக் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு கூடம் முழுக்க இரும்பு பீரோக்களை வரிசையாக நிறுத்தியது போல இருக்கிறது. அதற்குச் சூடு ஆகாது என்று குளிர்சாதனம் வேறு. பேப்பரில் 'எலெக்ட்ரானிக் மூளை' என்று எழுதுகிறார்களே, அந்த ஜாதிதான். டிசம்பர் வரைக்கும் நான் தற்காலிகம். அதற்குள் இந்த மெஷினை வைத்து உருப்படியாக ஏதாவது செய்துகாட்டினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான்.

ஒரு உதவி வேண்டும் அக்கா. நம் கம்பெனியின் மின்கோபுரங்களில் எந்த இரும்புச் சட்டம் எவ்வளவு தடிமனாக இருக்கவேண்டும் என்று உங்கள் பெங்களூர்க் கணக்குப் பிரிவில்தான் போட்டுத் தருகிறீர்கள். நீ பன்னிரண்டு வருஷமாக அதைச் செய்கிறாய். நான் ஒருநாளும் எப்படி என்று கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், எழுது.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
ஆதி


ஜீவனஹள்ளி, பெங்களூர்
25 ஜூன் 1963

தம்பி ஆதிக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். ரசம் கதைக்குச் சிரித்து, சிரித்ததில் இரைப்பு வந்து, என்னைத்தான் திட்டினாள். படுத்துத் தூங்குகிறாள். மறைக்கவில்லை, நம்பு.

அதிசயம்தான் போ. ஒரே வீட்டில் இருந்தபோது என் ஆபீஸ் கதை எடுத்தால் காதைப் பொத்திக்கொள்வாய். பம்பாய்க்குப் போனதும் ஞானம் வந்துவிட்டதா?

எங்கள் பிரிவில் எட்டுப் பெண்கள். இரண்டிரண்டு பேராக முதுகுக்கு முதுகு உட்காருவோம். ஒருத்தி தாளை ஒருத்தி பார்க்கக்கூடாது, பேசக்கூடாது. முன்பு இருந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரி போட்ட விதி. அவர் போய்ப் பதினைந்து வருஷம் ஆகியும் நாற்காலிகள் அப்படியேதான் இருக்கின்றன. என் முதுகுக்குப் பின்னால் மௌரீன். காக்ஸ் டவுன் ஆங்கிலோ இந்தியப் பெண்பிள்ளை, என்னைவிட ஒன்பது வயது மூத்தவள், ரயில்வேயில் இருந்த புருஷன் போனபிறகு இந்த வேலைதான் அவளுக்குக் கதி. கைப்பிடியைச் சுழற்றும் கணக்கு மெஷின் ஆளுக்கு ஒன்று. நான் என் தாளைப் போடுவேன், அவள் அவள் தாளைப் போடுவாள். இரண்டும் முடிந்ததும் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு சட்டமாக வாய்விட்டுப் படிப்போம். இரண்டில் எது பெரிய எண்ணோ அதை நான் சிவப்புப் பென்சிலால் இறுதித் தாளில் எழுதுவேன். கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் எங்கள் பிரிவின் தலைவர் சுந்தரேசன் சார் அதைத் தொடுவார்.

அவர் நேற்று, பம்பாயில் எலெக்ட்ரானிக் மூளை வந்திருக்கிறது, இனிமேல் உங்களுக்கெல்லாம் ஓய்வுதான் என்று சிரித்தார். யாரும் சிரிக்கவில்லை. நீ பக்கத்திலேயே இருக்கிறாயே, கேட்டுச் சொல். எங்கள் பிரிவை மூடப்போகிறார்களா?

வேளைக்குச் சாப்பிடு. எண்ணெய் தேய்த்துக் குளி.

சரளா


பம்பாய்
20 ஜூலை 1963

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை என்றால் நம் ஊர் மழை மாதிரி அனுமதி கேட்டுக்கொண்டு வருவதில்லை. மூன்று நாளாகத் தண்டவாளம் தண்ணீரில், நடந்தே ஆபீஸ் போனேன். ஜலதோஷம் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், அம்மாவைக் காலையில் வாசல் பெருக்க விடாதே.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். நீ சொன்னதை வைத்து மெஷினிடம் ஒரு கோபுரத்தின் அடிக்கால் கணக்கைக் கொடுத்துப் பார்த்தேன். பேப்பர்காரர்கள் மூளை என்கிறார்களே தவிர, அதற்கு ஒன்றுமே தெரியாது. கூட்டு என்றால் கூட்டும். எதை எதோடு கூட்டுவது என்று அட்டையில் துளை போட்டுச் சொல்லாவிட்டால் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அதனால் எனக்கு இன்னும் விவரமாக வேண்டும். எந்தச் சட்டத்திலிருந்து ஆரம்பிப்பாய்? காற்றின் கனத்தை எப்போது சேர்ப்பாய்? ஒரு விடை வந்ததும் கைப்பிடியைச் சுற்றாமலேயே 'இது தப்பு' என்று தூக்கிப் போடுவாயாமே, சுந்தரேசன் சார் இங்கே வந்தபோது சொன்னார். அது எப்படி?

நேரம் கிடைக்கும்போது நிதானமாக எழுது. ஒன்றையும் விட்டுவிடாதே.

ஆதி


ஜீவனஹள்ளி
11 ஆகஸ்ட் 1963

ஆதிக்கு,

ஜலதோஷத்துக்கு மிளகைத் தட்டிப் போட்டுப் பால் குடி. மெஸ்காரன் மிளகு இல்லை என்றால் வேறு மெஸ் பார். அம்மாவை வாசல் பெருக்குவதை நிறுத்தச் சொன்னேன். என்மேல் கோபம் வந்தால் இப்போது இரண்டு தடவை பெருக்குகிறாள்.

இத்துடன் எட்டுப் பக்கம் இருக்கிறது. தபால் ஆபீஸில் எடை போட்டுவிட்டு, கல்யாணப் பத்திரிகையாம்மா என்று கேட்டார்கள். நான் தாளை எடுத்து வைத்ததிலிருந்து சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்கும் வரை எல்லாம் எழுதியிருக்கிறேன். 'தப்பு' என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டாய். அதை எழுதத்தான் ஒரு வாரம் பிடித்தது. கால் சட்டங்கள் கீழே வர வர மெல்ல ஏறவேண்டும், நடுவில் ஒன்று திடீரென்று இறங்கினால் அந்த இடத்தில் நான் காற்றைச் சேர்க்க மறந்திருப்பேன். இப்படி ஏழெட்டு இருக்கிறது. எனக்கே இத்தனை நாள் தெரியாது, எழுதும்போதுதான் தெரிந்தது.

பன்னிரண்டு வருஷத்தில் இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை ஆதி. விடை வந்ததா, எப்போது வரும், இவ்வளவுதான் கேட்பார்கள். அதனால் சந்தோஷமாகவே எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டு வேளையிலும் எழுதிக்கொண்டிருந்ததை மௌரீன் பார்த்துவிட்டாள்.

"இன்னா மேன் சரளா, டிஃபன் கூட சாப்பிடாம யாருக்கு லவ் லெட்டர்?" என்றாள்.

விஷயத்தைச் சொன்னேன். ரொட்டியை மென்றுகொண்டே, "அந்த மெஷினுக்கு உன் தம்பி டீச்சரா, நீ டீச்சரா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

போன கடிதத்தில் நான் கேட்டதற்கு உன் பதிலில் ஒரு வரியும் இல்லை. மழையில் நனைந்து அழிந்துவிட்டதோ? மறுபடி கேட்கிறேன். பிரிவை மூடுவார்களா?

சரளா


பம்பாய்
14 செப்டம்பர் 1963

அன்புள்ள அக்கா,

நீங்கள் இரண்டு பேரும் சௌக்கியம் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், கை பரபரக்கிறது.

வந்துவிட்டது! நீங்கள் போன வருஷம் போட்ட சாதாரணக் கோபுரம் ஒன்றை மெஷினுக்குக் கொடுத்தோம். உங்கள் இறுதித் தாளையும் மெஷின் அடித்துத் தள்ளிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு சட்டம்கூட மாறவில்லை. உங்களுக்கு மூன்று வாரம் ஆனது, இதற்கு நாங்கள் டீ குடித்துவிட்டு வரும் நேரம். பெரிய அதிகாரி என் தோளில் தட்டினார். உன் எட்டுப் பக்கத்தை நான் அப்படியே, வரிக்கு வரி, அட்டையில் ஏற்றினேன். மெஷின் தப்புக் கண்டுபிடிக்கிறது அக்கா, உன்னைப் போலவே.

அடுத்தது ஆற்றைக் கடக்கும் பெரிய கோபுரம். டிசம்பர் பதினாலாம் தேதி டைரக்டர்கள் முன்னால் ஓட்டிக் காட்டவேண்டும். அது சரியாக வந்தால் எனக்கு நிரந்தரம்.

நீ கேட்டதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஆதி


ஜீவனஹள்ளி
2 அக்டோபர் 1963

ஆதிக்கு,

அம்மா நலம்.

இங்கே நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஆற்றுக் கோபுரத்தின் வேலை இந்தப் பிரிவுக்கு வராதாம், பம்பாயே நேரடியாகச் செய்யுமாம், அதன் முடிவைப் பார்த்துப் பிரிவு 'மாற்றி அமைக்கப்படும்'. எட்டுப் பேரும் அந்தத் தாளைப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தோம். எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருப்பதற்குச் சிரமப்பட்டார்கள்.

நான் கேட்டது ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி. மூன்று மாதமாக மழையையும் டீயையும் எழுதுகிறாய். உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். எழுது.

சரளா


பம்பாய்
19 அக்டோபர் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம். மூடுகிறார்கள்.

ஜூலையிலேயே எனக்குத் தெரியும். ஆற்றுக் கோபுரம் சரியாக வந்தால் பிப்ரவரியோடு பிரிவு இல்லை. வராவிட்டால் இன்னும் நாலைந்து வருஷம் மெஷினைக் கூட்டல் கழித்தலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பழையபடி உங்களிடமே விடுவார்கள். இல்லை என்று உனக்குப் பொய் எழுத வரவில்லை, ஆமாம் என்று எழுதவும் கை வரவில்லை. அதனால்தான் மழையை எழுதினேன். திட்டு, வாங்கிக்கொள்கிறேன். நான் மாட்டேன் என்றால் வேறொருவன் செய்வான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வேறொருவனுக்கு உன்னைப் போல ஒரு அக்கா இருந்திருக்கமாட்டாள் என்பதும் தெரியும்.

ஆற்றுக் கோபுரத்தை நேற்று ஒரு முறை ஓட்டிப் பார்த்தோம். மெஷின் எங்கேயும் நிற்கவில்லை, தப்பு என்று சொல்லவில்லை. முக்கியமான சட்டங்களின் எண்களைக் கையால் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். டிசம்பரில் டைரக்டர்கள் தலையாட்டினால் மறுநாளே இரும்பு வெட்ட ஆர்டர் போகும். எல்லோருக்கும் முன்னால் நீ பார்க்கவேண்டும் என்று தோன்றியது. உன்னுடையதுதானே.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதே.

ஆதி


பம்பாய்
18 நவம்பர் 1963

அக்காவுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கோபம் என்றால் கோபம் என்றாவது எழுது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்துத் தூக்கம் வரவில்லை. ஒரு கார்டு போதும்.

ஆதி


ஜீவனஹள்ளி
28 நவம்பர் 1963

ஆதிக்கு,

அம்மாவுக்கு ஒன்றும் இல்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு ராகிக் களி கிண்டுகிறாள். பயந்துவிட்டாய், பாவம்.

நீ அனுப்பிய எண்களைப் பிரித்த அன்றே பார்த்தேன். கால்கள் சரி. கைகள் எல்லாம் மெலிந்து கிடக்கின்றன. கோபுரத்திலிருந்து கம்பியைத் தாங்குவதற்கு இரண்டு பக்கமும் நீளுமே, அந்தக் கைகளும் அவற்றைத் தாங்கும் சாய்வுச் சட்டங்களும். இந்தத் தடிமனில் செய்து நிறுத்தினால் சாதாரண நாளில் நிற்கும், புயலிலும் நிற்கும். ஒரே ஒரு கம்பி அறுந்தால் விழுந்துவிடும்.

தப்பு மெஷினுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. நீ என் வேலையை எழுதச் சொன்னாய், நான் என் வேலையை எழுதினேன். நானும் மௌரீனும் ஒரே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கிறோம் என்று நீ நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது. அப்படி இல்லை. எல்லாக் கம்பியும் முழுசாக இருக்கும்போது கோபுரம் எப்படி நிற்கும் என்று போடுவது நான். கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்று போடுவது மௌரீன். அறுந்த பக்கம் இழுப்பு போய்விடும், மறுபக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், ஈரத் துணியைப் பிழிவது போலக் கோபுரம் முறுக்கும். அவள் எண்ணையும் என் எண்ணையும் எதிரெதிரே வைத்து, பெரியதை எடுப்போம். இங்கே வாசலில் நிற்கும் காவல்காரருக்குக்கூட இது தெரியும். அதனால்தான் உனக்கு எழுதவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. நீ சோதித்த சின்னக் கோபுரத்தில் கம்பி நீளம் குறைவு, மௌரீனின் எண் ஒரு இடத்திலும் பெரியதாக வந்திருக்காது. அதனால் ஒத்துப்போனது. ஆற்றுக்குக் குறுக்கே போகும் கம்பி அப்படி இல்லை.

ஒரு மாதம் அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். நான் சும்மா இருந்தால் யாராவது கண்டுபிடித்து மெஷினைத் தூக்கி மூலையில் போடுவார்கள், எட்டுப் பேருக்கும் வேலை நிற்கும். யாரும் கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் கைகள்மேல் ஏறி ஆட்கள் கம்பி கட்டுவார்கள். பஸ்ஸில் போகும்போது அதையே நினைத்துக்கொண்டு இரண்டு தடவை நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அறுந்த கம்பியின் கணக்கை மூன்று பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு கம்பியையும் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்க்கவேண்டாம், புத்தகத்தில் உள்ளது போல உச்சிக் கம்பியிலிருந்து தொடங்கவும் வேண்டாம். நடுக் கையின் கம்பியை முதலில் அறு. அது தரும் எண்ணை வைத்தே மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று சொல்லிவிடலாம். ஏழுக்கும் அட்டை போட உனக்கு நாள் இல்லை, பதினாலாம் தேதிக்குள் இது போதும்.

வேறு எதுவும் இப்போது கேட்காதே.

சரளா


பம்பாய்
5 ஜனவரி 1964

என் அன்புள்ள அக்காவுக்கும் அம்மாவுக்கும் வணக்கம். இந்த வருஷம் நமக்கு நல்லபடி பிறந்திருக்கிறது.

கோபுரம் வந்துவிட்டது. டைரக்டர்கள் முன்னால் மெஷின் கம்பியை அறுத்தது, முறுக்கைச் சொன்னது, கைகளைத் தடிமனாக்கியது. அதில் ஒருவர் என்ஜினியர். நடுக் கம்பியிலிருந்து தொடங்குவது யாருடைய யோசனை, நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லையே என்று கேட்டார். பெங்களூர்ப் பிரிவின் வழக்கம் என்றேன். எனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது.

அந்த மூன்று பக்கம் எனக்காகக் கொடுத்ததற்கு மௌரீன் அக்காவுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. தன் வேலையே போகும் என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறார்கள். பெரிய மனசு. நான் சொன்னதாகக் கட்டாயம் சொல்.

இன்னொரு நல்ல செய்தி. மெஷினுக்கு அட்டையில் துளை போட பெங்களூரிலேயே நாலு பெண்களை எடுக்கப்போகிறார்கள். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. உனக்கு நிச்சயம் கிடைக்கும், நான் பேசிவிட்டேன். மறுக்காதே.

பொங்கலுக்கு வர முடியவில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்.

ஆதி


ஜீவனஹள்ளி
1 மார்ச் 1964

ஆதிக்கு,

நீ நிரந்தரமானதற்கு அம்மா முனீஸ்வரனுக்குத் தேங்காய் உடைத்தாள். எனக்கும் சந்தோஷம்தான். அதில் பொய் இல்லை. இந்தக் கடிதம் தாமதமானதற்கு வேறு காரணம்.

நேற்றோடு பிரிவு முடிந்தது. துளை போடும் வேலைக்கு நாலு பேரை எடுத்துக்கொண்டார்கள், என் பெயரும் இருந்தது. மௌரீனுக்கு நாற்பத்திரண்டு. நீ 'அவ்வளவுதான் நிபந்தனை' என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது நீ அவள் வயதை நினைத்துப் பார்க்கவில்லை என்று புரிந்தது. நான் அந்த வேலைக்குப் போவதா இல்லையா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

நீ சொல்லச் சொன்ன நன்றியை நான் சொல்லவில்லை. அவள் கொடுக்கவில்லை ஆதி. நான் எடுத்தேன்.

நடுக் கம்பியிலிருந்து தொடங்குவது பிரிவின் வழக்கம் இல்லை, அது மௌரீனுடையது. புத்தகத்தில் உள்ளபடி ஏழையும் அறுத்துப் பார்த்தால் பத்து நாள் ஆகும். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம், சீக்கிரம் முடித்துவிட்டு அங்கே ஓடுவதற்காக அவளே கண்டுபிடித்த வழி. யாருக்கும் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து ஒரு நாள் மத்தியானம், என் புளிச்சோற்றில் பாதியைச் சாப்பிட்டுக்கொண்டே எனக்கு மட்டும் சொன்னாள். சுந்தரேசன் சாரிடம் சொல்லேன், பெயராவது கிடைக்கும் என்றேன். "பேரு கிடைக்கும், கூடவே டபுள் வேலையும் கிடைக்கும் மேன்" என்று கண்ணைச் சிமிட்டினாள்.

கோபுரம் விழாமல் இருக்க உனக்கு நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். 'இதில் அறுந்த கம்பி இல்லை, நிறுத்து.' இரும்பு வெட்டுவது நின்றிருக்கும், யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. ஆனால் பதினாலாம் தேதி நீ வெறுங்கையோடு நின்றிருப்பாய். அதனால் மூன்று பக்கம் எழுதினேன். ஆட்கள் ஏறுவார்கள் என்றெல்லாம் உனக்கு எழுதினேனே, அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால் நின்றுகொண்டு இதைச் செய்தேன்.

அந்த ஒரு மாதமும் அவள் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தாள். நாற்காலியைத் திருப்பிக் கேட்டிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். கேட்காவிட்டால் மாட்டேன் என்று சொல்ல முடியாது அல்லவா, அந்தக் கணக்கு எனக்கு நன்றாகவே வந்தது.

பிப்ரவரி மத்தியில் ஆற்றுக் கோபுரத்தின் தாள்கள் பம்பாயிலிருந்து வந்தன. சுந்தரேசன் சார் பெரிய மேஜையில் விரித்து, எட்டுப் பேரையும் கூப்பிட்டு, பாருங்கள், மெஷின் எவ்வளவு அழகாகச் செய்திருக்கிறது என்றார். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மௌரீன் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. மெஷின் நடுக் கம்பியை முதலில் அறுத்திருந்தது. தன் கையெழுத்தைப் பார்த்த மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, "வெரி நைஸ், சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. மிச்சமிருந்த சின்னச் சின்னக் கணக்குகளை முடித்ததும் தாளைத் தோளுக்கு மேலாக நீட்டுவாள், நாற்காலியைத் திருப்பமாட்டாள். நானே இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டேன். வாய்விட்டுப் படிக்காமல் அந்த வேலையைச் செய்தது அதுதான் முதல் தடவை.

நேற்றுச் சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபிறகு அவள் கணக்கு மெஷினுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றேன். சொல்வதற்கு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். உன் வேலை, ஏறுகிற ஆட்கள், நான் தராவிட்டாலும் ஒருநாள் மெஷின் கற்றுக்கொண்டிருக்கும் என்பது, எல்லாமே. ஒன்றையும் சொல்ல விடவில்லை.

"உன் பாதிய நீ குடுத்த சரளா. அது உன்னுது. உன் தம்பி, உன் இஷ்டம்," என்றாள். "என்னுத யாரக் கேட்டு குடுத்த?"

சண்டை போடும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலத்தான் கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, வாயில் வந்ததைக் கேட்டேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா மௌரீன்?"

குடையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"அதக்கூட இப்பத்தான் கேக்குற," என்றாள்.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

சரளா